ஓய்வூதியத்தில் சேராத ரூபாய்

மாதம் பத்தாந் திகதி எங்கள் ஊர்களில் வங்கி வாசலைப் பார்த்தால் போதும், ஒரு பாடசாலையின் ஐம்பது வருஷ வரலாறு வரிசையில் நிற்பது தெரியும். நமக்கு அலிப், பே, அ, ஆ சொல்லித் தந்தவர்கள், வாய்ப்பாடு பிழைத்தால் காதைத் திருகியவர்கள், ஸ்கொலர்ஷிப் பாஸானதும் வீட்டுக்கே வந்து வாப்பாவிடம் சொன்னவர்கள். கையில் ஒரு பழைய பை, அதற்குள் பாஸ் புத்தகம், மருந்துத் துண்டு. சென்ற வருஷம் அந்த வரிசையில் நின்ற ஒரு ஸேர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்:

"மகன், நீங்க எழுதிற ஆள்தானே. ஒண்டு கேக்கன். சீனிக் கடையில பென்ஷன்காரனுக்கெண்டு வேற வெலை இரிக்கா?"

அவர் கேட்டது வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவைப் பற்றி. 2024ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் கடமையிலிருக்கும் அரச உத்தியோகத்தரின் வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு 7,800 ரூபாவிலிருந்து 17,800 ரூபாவாக உயர்ந்தது. ஓய்வூதியர்களுக்கு உயர்ந்தது 2,500 ரூபாதான். 3,525 என்றிருந்தது 6,025 ஆனது. கொடுப்பனவின் பெயர் இரண்டு பேருக்கும் ஒன்று. அரிசி, சீனி, மண்ணெண்ணெய் விலையும் ஒன்று. தொகை மட்டும் வேறு.

ஸேரின் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் ஒழுங்கான பதில் இருக்கவில்லை. பிறகு தேடிப் பார்த்ததில் விளங்கிய விஷயம் இது: ஆசிரியர், அதிபர் சம்பளத்தில் அநியாயம் என்று நாம் சொல்வது மாதக் கடைசியில் கைக்கு வரும் தொகையை வைத்துத்தான். ஆனால் அந்தத் தொகை எந்தப் பெயரில் வருகிறது, எந்தத் திகதியிலிருந்து வருகிறது என்ற இரண்டு விஷயங்கள்தான் ஓர் ஆசிரியரின் அறுபது வயதுக்குப் பிந்திய வாழ்க்கையைத் தீர்மானிக்கின்றன. இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் விளக்க முயல்கிறது.

ஒரு சம்பளத் துண்டில் இரண்டு வகை ரூபாய்

ஆசிரியரின் சம்பளத் துண்டை எடுத்துப் பாருங்கள். மேலே அடிப்படைச் சம்பளம். அதற்குக் கீழே வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு, 2025வரை இடைக்காலக் கொடுப்பனவும் விசேட கொடுப்பனவும், சிலருக்குக் கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு. அதற்கும் கீழே கழிவுகள்: விதவைகள், தபுதாரர், அநாதைகள் ஓய்வூதியப் பங்களிப்பு, கடன் தவணை, சங்கச் சந்தா.

கடைக்காரனுக்கு இந்த ரூபாய்களுக்குள் வித்தியாசம் கிடையாது. ஓய்வூதியத் திணைக்களத்துக்கு உண்டு. அரச ஓய்வூதியம் கணக்கிடப்படுவது கடைசியாகப் பெற்ற அடிப்படைச் சம்பளத்தை வைத்தும் சேவை மாதங்களை வைத்தும்தான். கொடுப்பனவாக வந்த ரூபாய், ஓய்வு பெறும் நாளோடு கதவுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

அந்தக் கணக்கின் மற்ற விதிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறக் குறைந்தது பத்து வருஷ சேவை வேண்டும். முழு விகிதத்தைப் பெற முப்பது வருஷம், அதாவது 360 மாதம் தேவை. ஓய்வு பெறும்போது, குறைக்கப்பட்ட ஓய்வூதியத்தின் 24 மாதத் தொகை ஒரே தடவையில் பணிக்கொடையாகக் கிடைக்கும். அதற்குப் பதிலாகப் பத்து வருஷத்துக்கு மாதந்தோறும் குறைக்கப்பட்ட ஓய்வூதியமே வரும். பத்து வருஷம் முடிந்தால் குறைக்கப்படாத தொகைக்கு மாறும்.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். இலக்கங்கள் விளக்கத்துக்காக மட்டும். இரண்டு ஆசிரியைகளுக்கும் மாதம் 70,000 ரூபாய் வருகிறது. முதலாமவருக்கு அடிப்படைச் சம்பளம் 50,000, கொடுப்பனவு 20,000. இரண்டாமவருக்கு 70,000மும் அடிப்படைச் சம்பளம். குறைக்கப்பட்ட ஓய்வூதியம் நூற்றுக்கு எண்பது என்று வைத்துக்கொண்டால் முதலாமவருக்கு மாதம் 40,000, மற்றவருக்கு 56,000. பணிக்கொடை ஒருவருக்கு 960,000, மற்றவருக்கு 1,344,000. இருபது வருஷம் உயிரோடிருந்தால் மாத ஓய்வூதியத்தில் மட்டும் குறைந்தது 3,840,000 ரூபாய் வித்தியாசம். இருவரும் வேலை செய்த காலமெல்லாம் ஒரே தொகையைத்தான் வீட்டுக்குக் கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர் ஏமாற்றப்பட்டிருக்கிறார் என்பது அறுபதாவது பிறந்த நாளன்றுதான் தெரிய வருகிறது.

அரசாங்கங்கள் சம்பளத்தைக் கூட்ட வேண்டி வரும்போதெல்லாம் கொடுப்பனவாகக் கூட்ட விரும்புவது இதனால்தான். அந்த மாதத்துச் செலவு அந்த மாதத்தோடு முடிந்துவிடும்; ஓய்வூதியச் சுமை பின்னால் வராது. 2019இல் 2,500 ரூபாய், 2022இல் 5,000 ரூபாய் என்று அரச ஊழியருக்குக் கூட்டப்பட்டவை கொடுப்பனவுகளாகத்தான் வந்தன. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அரச சேவையின் மிகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவுக்கு உயர்த்தப்பட்டபோது, கூடிய 15,750 ரூபாவில் 7,500 ரூபாய் இந்தப் பழைய கொடுப்பனவுகள்தான். புதிதாகச் சேர்ந்தது 8,250. "கொடுத்ததையே திருப்பிக் கொடுக்கிறாங்க" என்று பலர் முணுமுணுத்தார்கள். கைக்கு வரும் பணத்தை மட்டும் பார்த்தால் அது சரி. ஆனால் அந்த 7,500 அடிப்படைச் சம்பளத்துக்குள் போனதால் இனி ஓய்வூதியத்திலும் பேசும். அந்தக் கூட்டலில் அதிகம் கவனிக்கப்படாத நன்மை அதுதான். இதற்கு மறுபக்கமும் உண்டு. அந்த ரூபாய் வெளியே நின்ற காலத்தில் ஓய்வு பெற்றுப் போனவர்களுக்கு அதில் பங்கில்லை.

இருபத்து நான்கு வருஷ முரண்பாடு

ஆசிரியர் சம்பள முரண்பாடு என்ற சொல் நம் காதில் பழகிப்போன சொல். அதன் தொடக்கத்தைத் தொழிற்சங்கங்கள் 1997ஆம் ஆண்டின் பீ.சீ. பெரேரா சம்பள ஆணைக்குழுவில் கொண்டு போய் வைக்கின்றன. அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1994 ஒக்டோபர் 6ஆம் திகதி, இலங்கை ஆசிரியர் சேவை தனிச் சேவையாக அமைக்கப்பட்டது. நாம் வருஷாவருஷம் ஆசிரியர் தினம் கொண்டாடுவது அந்தத் திகதியில்தான். சேவைக்கு ஒரு பெயரும் தரங்களும் கிடைத்தன. ஆனால் 1997க்குப் பிறகு சம்பள அளவுத்திட்டங்கள் அடுக்கப்பட்டபோது, முன்பு தங்களோடு சமமாக நின்ற சேவைகள் மேலே போக, ஆசிரியரும் அதிபரும் கீழே தங்கிவிட்டார்கள் என்பதுதான் சங்கங்களின் முறைப்பாடு. பிறகு வந்த 06/2006, 03/2016 பொது நிர்வாகச் சுற்றறிக்கைகள் எல்லாருக்கும் சம்பளத்தைக் கூட்டின. ஆசிரியருக்கும் மற்றச் சேவைகளுக்கும் இடையில் விழுந்திருந்த இடைவெளியை மூடவில்லை.

2021 ஜூலை 12ஆம் திகதி, கொவிட் காலத்தில், ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினார்கள். ஒக்டோபர் 25ஆம் திகதிவரை மூன்று மாதத்துக்கு மேல் அது நீடித்தது. வீட்டுக்கு ஒரு ஃபோன், அதில் நாலு பிள்ளைகள் படிக்க வேண்டியிருந்த குடும்பங்களில் அந்த மூன்று மாதம் எப்படிப் போனது என்று நமக்குத் தெரியும். ஆசிரியரைத் திட்டினவர்களும் இருந்தார்கள். அந்தச் சமயத்தில் அடிக்கடி கேட்ட பெயர் சுபோதினி குழு அறிக்கை. ஆசிரியர், அதிபர் சம்பளம் எவ்வளவு கூட்டப்பட வேண்டும் என்று பரிந்துரைத்த அறிக்கை அது. முடிவில் 2022 வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கென 30 பில்லியன் ரூபாய் ஒதுக்கப்பட்டு, பரிந்துரைக்கப்பட்ட கூட்டலில் மூன்றில் ஒரு பங்கு 2022 ஜனவரியிலிருந்து கொடுபட்டது.

மீதி மூன்றில் இரண்டு பங்கைக் கேட்டுத்தான் 2024 ஜூன் 26ஆம் திகதி நாடு முழுக்கச் சுகயீன விடுமுறைப் போராட்டம் நடந்தது. கொழும்பில் ஊர்வலத்தின் மேல் கண்ணீர்ப்புகை அடிக்கப்பட்டது. சுகயீன விடுமுறை என்று சொன்னதும் சிரித்தவர்கள் உண்டு. நமது வீடுகளில் டீச்சர்மார் மாதக் கடைசியில் அடகுக் கடைக்கும் கூட்டுறவுச் சங்கக் கடனுக்கும் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு அது அவ்வளவு சிரிப்பான விஷயமாகப் பட்டிருக்காது.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. முரண்பாடு இருபத்து நான்கு வருஷம் இழுபட்டது என்றால், அந்தக் காலத்துக்குள் ஓய்வு பெற்ற ஒவ்வோர் ஆசிரியரும் பிழையான அடிப்படைச் சம்பளத்தோடு ஓய்வு பெற்றார் என்றுதான் பொருள். 2022 ஜனவரியில் வந்த மூன்றில் ஒரு பங்கு, 2021 டிசம்பரில் ஓய்வு பெற்றவரின் ஓய்வூதியத்துக்குள் போகவில்லை. போராட்டத்தில் முன்னுக்கு நின்று தொண்டை கிழியக் கத்தியவர்களிலேயே சிலர் அந்தப் பலனைக் காணாமல் வீட்டுக்குப் போனார்கள்.

திகதி என்ற இரண்டாவது தராசு

சம்பளம் கட்டங்கட்டமாகக் கூட்டப்படுவது இப்போது வழக்கமாகிவிட்டது. 03/2016 சுற்றறிக்கையின்படி 2016 ஜனவரியில் தொடங்கிய கூட்டல் 2020 ஜனவரியில்தான் முழுமையானது. மிகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 11,730 ரூபாவிலிருந்து 24,250க்கு ஏறியது இந்த ஐந்து படிகளில்தான். பழைய கொடுப்பனவுகள் கொஞ்சங்கொஞ்சமாக அடிப்படைச் சம்பளத்துக்குள் போனதும் அப்போதுதான்.

இதன் விளைவு என்ன? ஒரே தரம், ஒரே சேவைக்காலம், பக்கத்துப் பக்கத்து வகுப்பில் படிப்பித்த இரண்டு பேர். ஒருவர் 2015 கடைசியில் ஓய்வு பெற்றார். மற்றவர் 2020இல். இரண்டாமவரின் ஓய்வூதியம் பெரிய வித்தியாசத்தில் கூட. பிறந்த திகதியைத் தவிர இதற்கு வேறு காரணமில்லை. 2016க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு 2019 ஜூலையில் ஒரு திருத்தம் வந்தது. முழுச் சரிசெய்தல் வரவில்லை. 2025 வரவுசெலவுத் திட்டத்தில், 2020 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் ஓய்வு பெற்றோரின் ஓய்வூதியத்தை 2020 சம்பள மட்டத்தோடு பொருத்துவதற்கு 2025, 2026, 2027 ஜூலை மாதங்களில் மூன்று கட்டங்கள் அறிவிக்கப்பட்டன.

நல்ல விஷயம்தான். ஆனால் எழுபத்தைந்து வயதுக்காரருக்கு மூன்று கட்டம் என்றால் என்ன என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். இடையில் 2022 வந்து போனது. அந்த வருஷம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். பழைய சம்பள அளவுத்திட்டத்தில் கணக்கிட்ட ஓய்வூதியத்தை வைத்துக்கொண்டுதான் அந்த முதியவர்கள் அதைக் கடந்தார்கள். கடக்காமல் மௌத்தானவர்களும் இருக்கிறார்கள். கூலியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் நபிமொழியை ஜும்ஆக்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது தொகையைப் பற்றி மட்டும் பேசவில்லை, நேரத்தைப் பற்றியும் பேசுகிறது.

கதிரையில் இருப்பவரும் கையெழுத்து வைப்பவரும்

அதிபர்மாரின் குறை கொஞ்சம் வேறு மாதிரி. ஆசிரியர் சேவையிலிருந்து போட்டிப் பரீட்சை எழுதி அதிபர் சேவைக்குப் போகிறார். போன பிறகு கூடும் சம்பளத்தையும் கூடும் வேலையையும் ஒப்பிட்டால் "பேசாம டீச்சராவே இருந்திருக்கலாம்" என்று சொல்லாத அதிபரைக் காண்பது கஷ்டம். கட்டடம், தளபாடம், போசாக்கு உணவு, பாடசாலை அபிவிருத்திச் சங்கம், தவணைப் பரீட்சை, பழைய மாணவர் சங்கத்தின் கோபம், எல்லாவற்றுக்கும் அவருடைய கையெழுத்து வேண்டும். ஒரு கணக்காய்வு விசாரணை வந்தால் அவர் பெயர்தான் வரும். ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின்படி விசாரணை முடியாமல் ஓய்வு பெறுபவரின் ஓய்வூதியம் தடுக்கப்படவும் குறைக்கப்படவும் இடமுண்டு. அந்தப் பிரமாணக் குறிப்பு தொடங்குவதே, ஓய்வூதியம் அரச ஊழியரின் முழுமையான உரிமையல்ல என்ற நிபந்தனையோடுதான். ஆக, அதிபர் கதிரையில் இருக்கும் ஒருவர் கூடுதலாகச் சுமப்பது வேலை மட்டுமல்ல, தன் ஓய்வூதியத்துக்கான ஆபத்தையும்தான்.

கடமை நிறைவேற்று அதிபர் என்றொரு வகையினர் உண்டு. அதிபர் சேவையில் ஆளில்லாத பாடசாலையை ஒரு மூத்த ஆசிரியர் பார்த்துக்கொள்வார். சின்ன ஊர்ப் பாடசாலைகளில் இது வருஷக் கணக்கில் நீளும். வேலை அதிபரின் வேலை. அடிப்படைச் சம்பளம் ஆசிரியரின் சம்பளம். ஓய்வு பெறும் நாளில் அவர் கோவையில் அவர் ஓர் ஆசிரியர். பத்து வருஷம் பாடசாலையைத் தூக்கி நிறுத்தியது நினைவுக் கல்லில் இருக்கும், ஓய்வூதியத்தில் இராது.

கல்வி நிர்வாக சேவையினரின் கதை மறுபக்கத்திலிருந்து வருகிறது. வலயக் கல்விப் பணிப்பாளர், பிரதிப் பணிப்பாளர் பதவிகளில் இருப்பவர்கள், தங்களுக்குக் கீழுள்ள சேவை உயர்த்தப்படும்போது தங்களுக்கும் அதற்கும் இருந்த இடைவெளி சுருங்கிவிட்டது என்று முறையிடுகிறார்கள். ஆசிரியருக்கு நியாயம் செய்தால் நிர்வாகிக்கு அநியாயமா என்று கேட்கத் தோன்றும். அப்படியல்ல. சம்பள அளவுத்திட்டங்கள் ஏணிப் படிகள் போல. ஒரு படியை மட்டும் உயர்த்தினால் மேலே உள்ள படியோடு முட்டும். ஆசிரியர், அதிபர், ஆசிரியர் ஆலோசகர், ஆசிரியர் கல்வியியலாளர், கல்வி நிர்வாகி என்ற ஐந்து படிகளையும் ஒன்றாக வைத்து அளக்காமல், எந்தச் சங்கம் கூடச் சத்தம் போடுகிறதோ அந்தப் படியை மட்டும் தொட்டு வந்ததன் பலன்தான் முடிவில்லாத முரண்பாடு.

நம் பகுதிகளின் தனிக் கணக்கு

இதுவரை சொன்னது எல்லா இன ஆசிரியருக்கும் பொதுவானது. ஆனால் 360 மாதம் என்ற அளவுகோல் எல்லாப் பிரதேசத்திலும் ஒரே மாதிரி விழுவதில்லை.

வடக்கு, கிழக்கில் யுத்த காலத்தில் பாடசாலைகளைத் திறந்து வைத்திருந்தவர்களில் பெரும் பங்கு தொண்டராசிரியர்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில் வகுப்புகளைத் தொடங்கியபோது, கரும்பலகைக்கு முன்னால் நின்றவர்களில் நியமனக் கடிதம் இல்லாதவர்களும் இருந்தார்கள். ஏ.எல். முடித்த இளம் பெண்கள், இடம்பெயர்ந்த மௌலவிகள். ஊர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, சிலர் ஒன்றும் வாங்காமல், வருஷக் கணக்கில் படிப்பித்தார்கள். அவர்களில் பலருக்கு நிரந்தர நியமனம் கிடைத்தபோது வயது முப்பத்தைந்து, நாற்பது. தொண்டர் சேவைக்காலம் ஓய்வூதியக் கணக்கில் வராது.

நாற்பதில் நியமனம் பெற்றவர் அறுபதில் ஓய்வு பெறும்போது இருப்பது இருபது வருஷம், 240 மாதம். முழு விகிதத்துக்கு இன்னும் 120 மாதம் குறைகிறது. அந்த 120 மாதமும் அவர் வகுப்பறையில்தான் நின்றார். அரசாங்கத்தின் பாடப் புத்தகத்தைத்தான் படிப்பித்தார். அவர் படிப்பித்த பிள்ளைகள் அரசாங்கத்தின் பரீட்சையைத்தான் எழுதினார்கள். கணக்கில் மட்டும் அந்த வருஷங்கள் இல்லை. சம்பள முரண்பாடு பற்றிய எந்தப் பேச்சுவார்த்தை மேசைக்கும் இந்தக் கேள்வி ஒழுங்காகப் போகவில்லை. போக வைக்க வேண்டியவர்கள் நம் அரசியல்வாதிகளும் சங்கங்களும்.

மௌலவி ஆசிரியர்களுக்கும் இதே கஷ்டம்தான். நியமனங்கள் ஒழுங்காக வருஷாவருஷம் வருவதில்லை. நீண்ட இடைவெளிக்குப் பின் ஒரு தொகுதி வரும்போது விண்ணப்பித்தவர்களில் பாதிப்பேருக்கு நரை விழுந்திருக்கும். தாமதமான நியமனம் தாமதமான தரமுயர்வையும் குறைந்த ஓய்வூதியத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு வருகிறது.

பணம் எங்கே என்ற கேள்வி

எதிர்ப் பக்கத்து நியாயத்தையும் பார்க்காமல் விடக் கூடாது. நாட்டில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரச பாடசாலைகள், இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள். ஓய்வூதியர் தொகை ஏறக்குறைய ஏழு இலட்சம். இந்த ஓய்வூதியத்துக்கென்று சேர்த்து வைத்த நிதி எதுவும் கிடையாது. அந்தந்த வருஷ வரி வருமானத்திலிருந்துதான் கொடுபடுகிறது. 2022இல் அரச வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எட்டு வீதமளவுக்குத்தான் வந்தது. ஆசிரியர் தொகை பெரியது என்பதால் ஒருவருக்கு ஆயிரம் ரூபாய் கூட்டினாலும் திறைசேரிக்கு அது பெருந்தொகை. தவிர, அரச ஊழியரின் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் தாங்கும் வரியை, ஓய்வூதியமே இல்லாத மீனவரும் கூலித் தொழிலாளியும்கூடச் சாமான் வாங்கும்போது கட்டுகிறார்கள். அவர்களுடைய பங்கையும் மறந்துவிட்டு நியாயம் பேச முடியாது.

இதெல்லாம் உண்மை. ஆனால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பது ஒரு கேள்வி. கொடுப்பதை எப்படிப் பங்கிடுவது என்பது வேறு கேள்வி. முதலாவதற்குத் திறைசேரி பதில் சொல்லட்டும். இரண்டாவதற்குப் பணத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்ட முடியாது. ஒரே சேவை செய்த இருவரைப் பிறந்த திகதியை வைத்துப் பிரிக்காமல் இருப்பதற்கும், கூட்டலின் ஒரு நியாயமான பங்கையாவது அடிப்படைச் சம்பளத்தில் சேர்ப்பதற்கும், செய்த வேலைக்குரிய பதவியை எழுத்தில் கொடுப்பதற்கும் முதலில் வேண்டியது ஒழுங்கான ஓர் அளவுகோல். அளவையில் மோசடி செய்வோருக்கென்றே குர்ஆனில் ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. தராசு சின்னதாக இருக்கலாம், சரியாக இருக்க வேண்டும்.

இன்றைக்கே செய்யக் கூடியவை

சட்டமும் சுற்றறிக்கையும் மாறும்வரை காத்திராமல், கடமையிலுள்ள ஆசிரியர்களும் அதிபர்களும் தாங்களே செய்துகொள்ளக் கூடிய சில காரியங்கள் உண்டு.

முதலாவது, சுயவிபரக் கோவை. பெரும்பாலான பாடசாலைகள் மாகாண சபையின் கீழ், தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழ். இடமாற்றம் பெற்று இரண்டுக்கும் இடையில் போய் வந்தவர்களின் கோவையில் ஏதாவதொரு கடிதம் தொலைந்திருப்பது சாதாரணம். முதல் நியமனக் கடிதம், நியமனத்தை நிரந்தரமாக்கிய கடிதம், வினைத்திறன் தடைதாண்டல் பெறுபேறு, ஒவ்வொரு தரமுயர்வுக் கடிதம், சம்பள மாற்றப் படிவங்கள் எல்லாவற்றிலும் ஒரு பிரதியை வீட்டில் வைத்திருங்கள். ஐம்பத்தைந்து வயதாகும்போது ஒரு தடவை வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய்க் கோவையைப் பக்கம் பக்கமாகப் பாருங்கள். ஐம்பத்தொன்பதரையில் பார்த்தால் நேரம் போதாது.

இரண்டாவது, தரமுயர்வு. பலர் தரமுயர்வை மரியாதை விஷயமாக மட்டும் நினைத்து, "கடைசி வருஷத்தில எதுக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். கடைசிப் படிநிலையில்தான் ஓய்வூதியக் கணக்கே தொடங்குகிறது. நிலுவையாக வர வேண்டிய தரமுயர்வு இருந்தால் ஓய்வு பெற்ற பிறகும் அதைக் கேட்டு ஓய்வூதியத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

மூன்றாவது, சம்பளமற்ற விடுமுறை. 2022 நெருக்கடியில் வந்த 14/2022 சுற்றறிக்கையின் கீழ் ஐந்து வருஷம்வரை, சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதகமில்லாமல் வெளிநாடு போக இடமளிக்கப்பட்டது. ஆனால் சாதாரண சம்பளமற்ற விடுமுறைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கத்தாருக்கோ மாலைதீவுக்கோ போனவர்கள் தங்கள் விடுமுறைக் கடிதத்தில் எந்தச் சுற்றறிக்கை இலக்கம் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, குடும்பத்தின் பங்கு. விதவைகள், தபுதாரர், அநாதைகள் ஓய்வூதியத்துக்கான பதிவில் மனைவி அல்லது கணவரின் பெயர், பிள்ளைகளின் பிறப்புத் திகதி சரியாக இருக்கிறதா? நம் வீடுகளில் நிக்காஹ் நடந்து, பதிவுச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர் என்று கிடப்பது புதிதல்ல. ஸித்தி உம்மா, சித்தியும்மா, ஸித்தும்மா மூவரும் ஒருவர்தான் என்று ஒரு விதவை இத்தாக் காலம் முடிந்து பிரதேச செயலகத்துக்கும் மாளிகாவத்தைக்கும் அலைந்து நிரூபிக்க வேண்டி வருகிறது. கணவர் உயிரோடிருக்கும்போது ஒரு சத்தியக் கடதாசியோடு முடிந்திருக்கக் கூடிய வேலை.

நம் பக்கத்துத் தராசு

அரசாங்கத்தின் தராசைப் பற்றி இவ்வளவும் எழுதிய பிறகு நம் கையிலுள்ள தராசைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. குர்ஆன் மத்ரஸாவில் அஸருக்குப் பின் நாற்பது பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் முஅல்லிம், ஞாயிறு காலையில் அஹதிய்யாவில் நிற்கும் டீச்சர், சமூகத்தவர் நடத்தும் தனியார் பாடசாலையில் வேலை செய்யும் இளம் பட்டதாரி, இவர்களுக்கு என்ன ஓய்வூதியம் இருக்கிறது? தனியார் துறையில் ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் தொழில் தருநர் 12 வீதமும் செலுத்த வேண்டும். நாம் நடத்தும் நிறுவனங்களில் எத்தனை அதை ஒழுங்காகச் செலுத்துகின்றன? பள்ளிவாசல் ஹவுழுக்கு மாபிள் பதிக்கச் சேரும் பணத்தில் ஒரு பங்கை முப்பது வருஷம் ஓதிக் கொடுத்த லெப்பைக்கு ஒதுக்க ஒரு பள்ளி நிர்வாக சபை தீர்மானித்தால், அதைத் தடுக்கும் சுற்றறிக்கை எதுவும் இல்லை.

வங்கி வாசலில் கேள்வி கேட்ட ஸேருக்கு இந்தக் கணக்குகளையெல்லாம் பிறகொரு நாள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். தேத்தண்ணி வந்தது. தன் கோவையை எடுத்துக் காட்டினார். 1979இல் வந்த முதல் நியமனக் கடிதம், பிளாஸ்டிக் உறைக்குள், ஒரு மூலையும் மடியாமல் இருந்தது. அதன் கீழே, ஐந்து வருஷம் அவர் ஒரு பாடசாலையைப் பொறுப்பெடுத்து நடத்தியதற்குச் சாட்சியாக, அந்த ஊர் மக்கள் பிரியாவிடையில் கொடுத்த வாழ்த்துப் பத்திரம் ஒன்று மட்டும்.

"இத ஒபிஸில குடுத்தா எடுப்பாங்களா மகன்?" என்று கேட்டார்.

எடுக்க மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும்.